"வீட்டுல நல்லா வந்துச்சு டீச்சர்"

வீட்டில் வைத்து பியானோ சொல்லிக்கொடுக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வாரம் முழுக்க ஒரே வாக்கியம்தான் காதில் விழும். "வீட்டுல நல்லா வந்துச்சு டீச்சர்." ஆறு வயதுக் குழந்தையும் இதைத்தான் சொல்கிறது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொள்ள வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். சொல்லும்போது இருவர் முகத்திலும் ஒரே திகைப்பு, நேற்று ராத்திரி வரை கையிலிருந்ததை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி.

கேட்கிறவர்களுக்கு இது சாக்கு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. பலர் வீட்டில் வைத்திருப்பது இலேசான கட்டைகள் கொண்ட கீபோர்டு, இங்கே இருப்பது ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சுத்தியலைத் தூக்க வேண்டிய பியானோ. உட்காரும் உயரம் வேறு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்ற நினைப்பு வேறு. இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீட்டில் நன்றாக வந்தது எத்தனையாவது தடவை? முதலில் தடுமாறி, மறுபடி தொடங்கி, நடுவில் நின்று, கடைசியில் ஒரு தடவை சரியாக வந்ததும் மூடிவைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். மனதில் தங்குவது அந்தக் கடைசித் தடவை. என் முன்னால் வாசிப்பதோ அன்றைக்கு முதல் தடவை.

அதனால் இப்போது எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வேறு ஏதாவது வேலையாகப் பியானோவைக் கடந்து போகும்போது சட்டென்று உட்கார்ந்து ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். தப்பு வந்தாலும் திரும்ப வாசிக்கக் கூடாது, எழுந்து போய்விட வேண்டும். எதுவரை போனது என்று மட்டும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பையனின் நோட்டில் இப்படி இருந்தது: "இன்னைக்கு ரெண்டாவது வரியில விழுந்தேன். தம்பி சிரிச்சான். நாளைக்கு அவன் குளிக்கும்போது வாசிப்பேன்." அடுத்த நாளுக்கான குறிப்பு: "விழல. ஆனா யாரும் கேக்கல." இந்த இரண்டு வாக்கியங்களுக்காகவே அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

குழந்தைகள் பேசுவதில் சிரிப்பு வருவது அவர்கள் ஜோக் அடிப்பதால் அல்ல, அவ்வளவு சீரியஸாகச் சொல்வதால்தான். "டீச்சர், இந்த விரல் மட்டும் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது" என்று நாலாவது விரலை, அதாவது மோதிர விரலை, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி ஒரு பெண் புகார் செய்தாள். புகார் நியாயமானது. அந்த விரலை நீட்டும் தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு இணைந்திருக்கிறது, தனியாக எழுந்திரு என்றால் எழுந்திருக்காது. இதை விளக்கி, கையை மேசைமேல் வைத்து நடுவிரலை மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கச் சொன்னேன். அசையவே இல்லை. அடுத்த வாரம் வந்து, வீட்டில் எல்லோரையும் செய்யச் சொல்லிப் பார்த்ததாகவும், அப்பாவாலும் முடியவில்லை என்றும் ரொம்பத் திருப்தியோடு சொன்னாள். அதற்கப்புறம் அந்த விரலை அவள் திட்டுவதில்லை, காத்திருக்கிறாள்.

மென்மையாக வாசி, மென்மையாக வாசி என்று எவ்வளவு சொன்னாலும் ஏறாது. அதைவிடப் பியானோவின் மேல் மூடியைத் திறந்து உள்ளே காட்டிவிடுவது நல்லது. 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர் கண்டுபிடித்த காரியம் இதுதான்: கம்பியைச் சுண்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் தட்டுவது, தட்டியதும் கட்டை இன்னும் கீழே இருந்தாலும் சுத்தியல் பின்வாங்கிவிடுவது. விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியை எட்டாமலே திரும்பிவிடும், சத்தமே வராது. இதைக் கண்டுபிடித்த குழந்தை உடனே அதை விளையாட்டாக்கிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஒரு கட்டையைக் கடைசி வரை இறக்கிவிட்டு "ஜெயிச்சுட்டேன்" என்று கத்துவான் ஒருவன். பியானோ வகுப்பில் சத்தமே வராததற்கு ஒரு கொண்டாட்டம். ஆனால் அந்த விளையாட்டை விளையாடிய விரல்களுக்குத்தான் பிறகு மென்மையாக வாசிக்கத் தெரிகிறது, நான் சொல்லிச் சொல்லி வந்ததில்லை அது.

முதல் நாள் வகுப்பில் நான் இசைப் புத்தகமே திறப்பதில்லை. மொத்தம் 88 கட்டைகள், அதில் 36 கருப்பு. கருப்பில் மட்டும் என்ன வேண்டுமானாலும் வாசி என்று சொல்லிவிட்டு, கீழே நான் இரண்டு மூன்று சுரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எங்கே கை வைத்தாலும் தப்பாகக் கேட்காது. அந்த ஐந்து கருப்புச் சுரங்களும் சேர்ந்தால் மோகன ராகம், மூன்று கருப்புக் கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையை ச என்று வைத்து மேலே போய்ப் பாருங்கள். வந்த முதல் நாளே தன் கையில் இசை வந்துவிட்டது என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டு போவது சும்மா ஏமாற்று வேலை இல்லை, உண்மையிலேயே வந்திருக்கிறது.

அப்புறம் ஃபர் எலீஸ், பேத்தோவனின் பியானோ உருப்படி. எந்த வயதில் வந்தாலும் இதைச் சொல்லித்தரச் சொல்லிக் கேட்காதவர் அபூர்வம். முதல் ஒன்பது சுரங்களை எங்கேயோ யாரிடமோ பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள், ஒற்றை விரலில், அசுர வேகத்தில், பத்தாவது சுரத்தில் சொல்லிவைத்தாற்போல நின்றுபோகும். "மிச்சம் எங்க டீச்சர்?" பேத்தோவன் இதை எழுதியது 1810-இல், அச்சில் வந்ததோ 1867-இல், அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து. அவ்வளவு நாள் காத்திருந்த மிச்சம், நீ இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தால் குறைந்துபோகாது என்று சொல்வேன். நடுவில் வரும் பகுதிகள் கடினம் என்பதுதான் நேரான பதில், ஆனால் நான் சொல்கிற பதிலில் குழந்தைகளுக்கு ஒரு சமாதானம் இருக்கிறது.

வீட்டில் வகுப்பு நடத்துவதில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. உள்ளறையில் இருப்பவர்களுக்கு யார் எந்தப் பாட்டில் இருக்கிறார்கள் என்பது அத்துப்படி. துணி மடித்துக்கொண்டே முனகுவார்கள், அதுவும் அந்த மாணவர் எப்போதும் தடுக்கும் இடத்தில் தடுத்து, தப்பான சுரத்தைத் தப்பாகவே. ஒருநாள் அந்த இடம் சரியாக வந்துவிட்டால் உள்ளேயிருந்து கைதட்டல் வரும். முகம் தெரியாத ஒருவரின் அந்தக் கைதட்டல் என் "வெரி குட்"டை விடப் பல மடங்கு பெரியது. வாசல் மணிக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த ஆள் வந்து அழுத்தினால் டிங் டாங் என்று இரண்டு சுரம். ஒரு பையன் பாதி வாசிப்பில் நிறுத்தி, தேடி, மி, அப்புறம் கீழே இறங்கி டோ (நம் க, ச மாதிரி) என்று கண்டுபிடித்துவிட்டான். கதவைத் திறக்காமல் இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி வெளியில் இருந்தவரைக் கெஞ்சியதும் அவன்தான். காதுப் பயிற்சிக்கு நான் தனியாகப் பாடம் வைத்திருந்தேன், அன்றைக்கு அது தேவைப்படவில்லை.

வெளியில் நின்று பொறுமையாக மீண்டும் மணி அடித்தவர்தான் ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் விரல் ஒரு சிரமமே இல்லை, மன்னிப்புதான் சிரமம். ஒவ்வொரு தப்புக்கும் நின்று "சாரிங்க" என்பார். யாரிடம் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார்? நாற்பது வருடம் அலுவலகத்தில் தப்பில்லாமல் வேலை பார்த்த மனிதருக்குத் தப்போடு மேலே போவது உடம்பில் ஏறவில்லை. நான் சொன்ன எதுவும் பலிக்கவில்லை. அவருக்கு அடுத்த நேரத்தில் வரும் அந்த நாலாவது விரல் பெண்ணோடு, ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும் நாலு கை வாசிப்பு ஒன்றில் சேர்த்து உட்காரவைத்தேன். சின்ன உருப்படிதான். மூன்றாவது வரியில் அவர் வழக்கம்போல நின்றார். அவள் எண்ணுவதை நிறுத்தாமல், "தாத்தா, நீங்க சாரி சொன்ன நேரத்துல ரெண்டு பீட் போயிடுச்சு, வாங்க வாங்க" என்றாள். அவர் ஓடிப்போய் நாலாவது வரியில் ஏறிக்கொண்டார். முடிக்கும்போது இருவரும் ஒரே சுரத்தில் இறங்கினார்கள், அவர் கையைத் தூக்கவே மறந்துவிட்டார், அவள் குதித்து இறங்கி இன்னொரு தடவை என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த வேலையில் கிடைக்கும் கூலி இதுதான் என்று யாராவது சொன்னால் தயங்காமல் ஒப்புக்கொள்வேன்.

இப்போது தனியாக வாசிக்கும்போதும் அவர் நிற்பதில்லை, தப்பு வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார். இரண்டாவது உருப்படி எடுத்திருக்கிறோம், அதில் பெரிய தகராறு. கீழ்ச்சுரப் பக்கம் உட்கார்கிறவருக்குத்தான் பெடல், இது வழக்கம். அவளுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டுமாம், கால் இன்னும் எட்டவில்லை. கடைசியில் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அவள் கீழ்ச்சுரத்தில், அவர் மேலே உட்கார்ந்து இடது காலை நீட்டிப் பெடலை மிதிப்பார், எப்போது மிதிக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவள் சொல்வாள்.