மேயர் பெயரே இல்லாத மேயர் தேர்தல்

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, லீவு நாள். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு விழுந்தது. பேரூராட்சிகளில் 74ஐத் தாண்டியது, கரூர் மாநகராட்சியில் 75க்கு மேல், சென்னையில் 43 சொச்சம். அன்றைக்கு ஆரம்பித்தது, படித்தவன் ஓட்டுப் போட மாட்டான், ஈசிஆர் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பேச்சு. எங்கள் அடுக்குமாடியிலும் அப்படிப் போனவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் முந்தின வருஷம் சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னையில் 59 சதவீதம் போல விழுந்ததே. வாக்காளர் பட்டியல் குளறுபடி என்பார்கள். வீடு மாறிப் போனவர், இறந்து போனவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் எல்லாம் பட்டியலில் கிடந்தார்கள் என்பது உண்மைதான். 2025 சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் போயின. (போனதெல்லாம் போக வேண்டிய பெயர்கள்தானா என்பது வேறு சண்டை.) சரி, பட்டியல் வீங்கியிருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 2021லும் கிட்டத்தட்ட அதே வீக்கம்தானே? பத்து மாதத்தில் ஊர் சோம்பேறியாகிவிடவில்லை. இந்தத் தேர்தல் ஒரு பொருட்டாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஏன் படும்? 1973இல் மஸ்டர் ரோல் ஊழலை (கூலியாட்கள் வருகைப் பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுதியது) ஒட்டிச் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். அப்புறம் 2016இல் மன்றத்தின் காலம் முடிந்ததும் தனி அதிகாரி வந்து உட்கார்ந்தார், 2022 வரை அவர் ராஜ்யம்தான். ஆகக் கூடி, அந்த 49 ஆண்டில் ஏறக்குறைய 28 ஆண்டு இந்த ஊருக்குக் கவுன்சிலர் என்ற ஆளே கிடையாது! கொரோனா வந்தது, 2021 நவம்பர் மழை வந்தது, எல்லாவற்றையும் மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு போன் போட்டும், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சியும்தான் சமாளித்தோம். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுகூட ‘நம்ம வார்டு கவுன்சிலர் எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை, அப்படி ஒரு பதவி இருந்த ஞாபகமே விட்டுப்போயிருந்தது.

போதாக்குறைக்கு மேயர் விஷயம். 1996, 2001, 2011 மூன்று தடவையும் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டோம். ஸ்டாலின் இரண்டு முறை, சைதை துரைசாமி ஒரு முறை என்று ஜெயித்து வந்தார்கள். 2006இல் மட்டும் மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்களே கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பது; மா. சுப்பிரமணியன் மேயர் ஆனார். அதற்குப் பிறகு சட்டம் அங்கும் இங்குமாகப் புரண்டது: 2016இல் மறைமுகம், 2018இல் நேரடி, 2019 கடைசியில் மறுபடி மறைமுகம். இப்படி மாற்றி மாற்றி எழுதினால் யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? 2022இல் பூத்துக்கு வெளியே ஸ்லிப் கொடுத்துக்கொண்டிருந்த கட்சிக்காரரிடம் ஒரு அம்மா, “மேயருக்கு எந்த மெஷின்பா?” என்று கேட்டார். “அது நாங்க பாத்துக்குவோம்மா” என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே விளக்கம் சொன்னார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. 200 வார்டில் திமுக மட்டும் 153. மேயர் வேட்பாளர் பெயரை அறிவித்தது மார்ச் 3, மறுநாளே பிரியா போட்டியின்றித் தேர்வானார். 28 வயது, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். எவ்வளவு பெரிய விஷயம்! பிரசாரத்திலேயே அந்த முகம் தெரிந்திருந்தால் நாலு பேர் பேசியிருப்பார்கள், எதிர்த்தும் பேசியிருப்பார்கள், அந்தச் சாக்கிலாவது சிலர் வீட்டைவிட்டு இறங்கியிருப்பார்கள்.

நேரடித் தேர்தல் வந்தால் கூட்டம் அலைமோதும் என்று நான் சொல்லவில்லை. 2011லும் சென்னை ஒன்றும் முண்டியடித்துக்கொண்டு போய் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் சட்டம் மறைமுகம் என்றே இருந்தாலும், எங்கள் மேயர் வேட்பாளர் இவர்தான் என்று பிரசாரத்துக்கு முன்னாலேயே கட்சிகள் சொல்வதை யாரும் தடுக்கவில்லையே? இப்போதைய மன்றத்தின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த முறை வீட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிடும் வேட்பாளரிடம், உங்கள் மேயர் யார் என்று நான் கேட்கத்தான் போகிறேன், அவருக்கும் தெரியாது என்பது தெரிந்தாலும்.