லிசியாஸின் காசைப் படிக்கும் விதம்

அதியமான் நெடுமான் அஞ்சிக்குப் புறநானூறு இருக்கிறது, ஜம்பைக் கல்வெட்டும் இருக்கிறது. தருமபுரிக்காரர்கள் அவனைப் பற்றிப் பேச ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. கி.மு. 120 வாக்கில் காபூல், காந்தாரப் பக்கம் ஆண்ட கிரேக்க அரசன் லிசியாஸுக்குப் பாட்டும் இல்லை, கல்வெட்டும் இல்லை. காசு மட்டும்தான் மிச்சம். அதைத் தப்பாகப் படித்தால் அரசனையே தப்பாகப் புரிந்துகொள்வோம்.

வெள்ளிக்காசின் முன்பக்கம் அரசனின் தலை: சிலவற்றில் வெறும் நாடா, சிலவற்றில் தலைக்கவசம், சிலவற்றில் யானையின் தலைத்தோல். பின்பக்கம் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் நின்றபடி தன் தலையில் தானே மாலை சூட்டிக்கொள்கிறான். இடக்கையில் கதாயுதமும் சிங்கத்தோலும். யானைத்தோல், ஹெராக்ளிஸ், 'அனிகெடோஸ்' (தோல்வி அறியாதவன்) என்ற பட்டம் மூன்றும் அவனுக்கு முந்தைய கிரேக்க அரசன் முதலாம் டெமெட்ரியஸோடு சேர்ந்தவை. அதை வைத்து லிசியாஸை அவன் பேரன், கொள்ளுப்பேரன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வழியில் வந்தவன் என்று அவன் காட்டிக்கொண்டான் என்பது வரைதான் காசு சொல்லும்.

முன்பக்க எழுத்து கிரேக்கம். பின்பக்கம் கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்து, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'மகாராஜஸ அபடிஹதஸ' என்று தொடங்கி அரசன் பெயரில் முடியும். அபடிஹதஸ என்பது அனிகெடோஸுக்கு ஈடான பிராகிருதச் சொல்.

அடுத்தது எடை. நகைக்கடைத் தராசு, அதாவது 0.01 கிராம் காட்டுவது, போதும். இந்திய எடைமுறையில் டிராக்மா என்ற வெள்ளிக்காசு சுமார் 2.45 கிராம், நான்கு டிராக்மாவுக்குச் சமமான டெட்ராடிராக்மா சுமார் 9.8. தேய்மானத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் லிசியாஸ் பெயரிலேயே 17 கிராம் அளவில், கிரேக்கம் மட்டும் பொறித்த அட்டிக் (ஏதென்ஸ் எடைமுறை) டெட்ராடிராக்மாவும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 1946-ல் கிடைத்த, 600-க்கு மேற்பட்ட காசுகள் கொண்ட குந்தூஸ் புதையலில் இந்த வகை வந்தது. ஆகவே கரோஷ்டி இல்லை என்பதற்காக 17 கிராம் காசை ஒதுக்கக் கூடாது. அதே ஹெராக்ளிஸ் காசு 9.8 கிராமில் கரோஷ்டி இல்லாமல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி அந்தப் பிரபலமான கலப்புக் காசு. கிரேக்க எழுத்தில் லிசியாஸ், கரோஷ்டியில் இன்னொரு கிரேக்க அரசனான அந்தியால்கிடாஸ். இருவரும் கூட்டாட்சி நடத்தினார்கள், உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்றெல்லாம் பழைய ஆய்வாளர்கள் கதை கட்டினார்கள். அந்தியால்கிடாஸாவது விதிஷாவில் அவன் தூதன் ஹெலியோடோரஸ் நிறுத்திய கருடத்தூண் கல்வெட்டில் வருகிறான். லிசியாஸுக்கு இந்த ஒரு காசு வகையை வைத்தே பாதி வரலாறு எழுதப்பட்டது.

பட்டறையை நினைத்துப் பாருங்கள். முன்பக்க அச்சு பட்டடையில் பதித்திருக்கும். பின்பக்க அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அடி நேராக அதன் மேல் விழுவதால் கை அச்சு சீக்கிரம் தேயும். மாற்று அச்சுகள் பக்கத்திலேயே கிடக்கும். அவசரத்தில் வேறு அரசனின் அச்சை எடுத்து அடித்தால் இப்படித்தான் வரும். உண்மையிலேயே கூட்டாகக் காட்ட விரும்பியவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள்: அரசி அகதோக்லியாவும் அரசன் ஸ்ட்ராடோவும் ஒரே காசில் இணைந்த தலைகளாக வருகிறார்கள். கலப்புக் காசு சொல்வது ஒன்றுதான்: இரண்டு அச்சும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் இருந்தன. ஒருவனிடமிருந்து நகரம் மற்றவன் கைக்குப் போன சமயமாக அது இருக்கலாம். எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் யாராவது இந்தக் காசைக் கொண்டுவந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். வார்ப்புப் போலியில் சுற்றிலும் மெல்லிய கோடு ஓடும், அல்லது அதை அரம் போட்டு மறைத்த கீறல் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பரப்பில் ஊசிமுனைக் குழிகள். எழுத்தின் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். அடித்த காசில் எழுத்து தளத்திலிருந்து வெடுக்கென்று எழும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

லிசியாஸின் சதுரச் செம்புக்காசில் ஒரு பக்கம் ஹெராக்ளிஸ், மறுபக்கம் யானை. வீட்டில் பித்தளைப் பாத்திரம் துலக்குவது போல இதைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் களிம்போடு எழுத்தையும் தின்றுவிடும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே தங்கி, பிறகு வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். அந்தத் தூள் ஏற்கெனவே இருந்தால் காசைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஈரமில்லாமல் மூடி வையுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் மெல்ல எடுத்தால் போதும்.