வலை அலசும் நேரத்தில் வந்து கேட்டவர்

"செபிக்க நேரமே கிடைப்பதில்லை" என்று எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில், யாராவது சொல்லாத மாதம் கிடையாது. சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பாம்பன் தென்கடல் பக்கத்தில் நாட்டுப்படகும் நண்டு வலையும் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, விடிவதற்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்ற வேண்டும். அது முடிந்தால் எடை, சமையல், தண்ணீர், பிறகு கிழிந்த வலை. இதற்கு நடுவில் ஆண்டவருக்கு எங்கே இடம் என்று கேட்டால், கேட்பவளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் நேரம் இருந்தால் இடமும் தானாக வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. அதற்குச் சாட்சி எங்கள் ஊர்த் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. என் கொழுந்தன் விசைப்படகில் போகிறவர். அந்த நாட்களில் கையில் காசு இருக்காது, பொழுது இருக்கும். அந்தப் பொழுதை இயந்திரம் பழுதுபார்ப்பதும், பலகை மாற்றுவதும், வட்டிக்குக் கடன் கேட்டு அலைவதும் எடுத்துக்கொள்ளும். மீதியைக் கவலையும் கைப்பேசியும் பங்கு போட்டுக்கொள்ளும். ஓய்ந்திருக்கும் மனிதனுடைய மனம் காலியாக இருப்பதில்லை.

இந்த விஷயத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம். சீமோனும் கூட்டாளிகளும் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடிந்ததும் படகைக் கரையில் விட்டுவிட்டு வலை அலசிக்கொண்டிருக்கிறார்கள். பாடு இல்லாத, அதாவது வலையில் ஒன்றும் படாத, நாளில் வலை அலசுவது எப்படியிருக்கும் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உடம்பு உறக்கத்துக்குக் கெஞ்சும். வாய் திறந்தால் எரிச்சல்தான் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் இயேசு சீமோனுடைய படகில் ஏறி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்கிறார். வேலை முடியட்டும், குளித்துச் சாப்பிட்டுவிட்டு வா என்று அவர் காத்திருக்கவில்லை. அவர் கேட்டது அந்த மனிதனுடைய பிழைப்புக் கருவியை, அதுவும் வெறும் படகாக இருந்த அன்றைக்கு.

மிச்சமான நேரத்தை அவர் கேட்கவில்லை, வேலைக்குள்ளேயே உட்கார இடம் கேட்கிறார் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பந்தலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நண்டு கழற்றுவதற்குக் கையோடு கண்ணும் வேண்டும். நரம்பு வலை நண்டின் கால்களுக்கிடையில் சிக்கிச் சுற்றியிருக்கும். ஓட்டின் பின்பக்கம், துடுப்புக் கால்களுக்கு நடுவே பிடித்தால்தான் கொடுக்கு நம் விரலுக்கு எட்டாது. அவசரப்பட்டு இழுத்தால் காலோ கொடுக்கோ ஒடிந்துவிடும். ஒடிந்த நண்டுக்கு விலை இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கண்ணியாக விலக்கி எடுக்க வேண்டும். கையில் செபமாலை பிடிக்க வழியில்லை. என் மாமியார் வாயால் தொடங்குவார்: "அருள் நிறைந்த மரியே வாழ்க." வலையின் மறுபக்கம் இருக்கும் நாங்கள் "புனித மரியே" என்று பின்பாதியைச் சொல்வோம். எண்ணிக்கை அவருடைய நினைவில் ஓடும். நடுவில் யாரையாவது நண்டு கவ்விவிட்டால் "ஐயோ" என்று ஒரு கத்தல் எழும். கடித்த கொடுக்கை விடுவித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மந்திரம் தொடரும். கோயிலுக்குள் சொல்லும் செபமாலையைவிட இது மட்டமானது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சினை நண்டு வந்தால் மாமியார் அதைத் தனியாகத் தண்ணீர் வாளியில் போடச் சொல்வார். கழற்றி முடித்ததும் பிள்ளைகள் யாராவது அதைக் கொண்டுபோய்க் கடலில் விடுவார்கள். பாடு குறைந்த நாளில் அந்த எடையும் சேர்ந்தால் நாலு காசு கூடும். இருந்தாலும் விடத்தான் வேண்டும். செபித்த வாயும் எடை போடும் கையும் ஒரே ஆளுடையவை அல்லவா?

இந்த மண்ணில் இது புதிதும் அல்ல. எங்கள் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் புனித அருளானந்தர், போர்ச்சுகலில் அரசவையோடு வளர்ந்தவர். இங்கே வந்தபின் காவி உடுத்தினார், புலால் விட்டார், பண்டார சாமிகளைப் போல் வாழ்ந்தார். அவருடைய விசுவாசம் சாப்பாட்டிலும் உடுப்பிலும் இறங்கியிருந்தது. நாங்கள் ஓரியூருக்குப் போய்ச் சிவப்பு மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துவருகிறோம். திருப்பயணம் நல்லதுதான். ஆனால் ஊருக்குத் திரும்பியபின் வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைதான் கடினம்.

மதியம் நான் நண்டு தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போவேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் நாங்கள் சிலர் கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வோம். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் நேரம்தான். எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் ஒரு முஸ்லிம் அக்கா. ராத்தா என்றுதான் அழைப்பேன். அந்த நேரத்தில் என் கூடையையும் சேர்த்து அவர் பார்த்துக்கொள்வார். பிறகு லுஹர் தொழுகைக்கு அவர் போகும்போது அவருடைய கூடை என் பொறுப்பு. ஒருநாள் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. "உங்க மணி அடிச்சிருச்சு" என்று முழங்கையால் இடித்தவர் அவர்தான். ஆண்டவருக்கு இடம் விடுவதற்குப் பக்கத்தில் இருப்பவரின் உதவி எவ்வளவு தேவை என்பதை நான் அந்தக் கொட்டகையில் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னாலும், "வேலையே செபம்" என்று முடித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இயேசுவே விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றும் அவரே சொன்னார். ஒற்றை அறை வீட்டில் உள்ளறைக்கு எங்கே போவது? வீட்டுக்காரர் கடலில் போட்ட வலையை வாங்க, அதாவது இழுத்தெடுக்க, கிளம்பியபின், பிள்ளைகள் எழுவதற்கு முன், தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருக்கிறது. அதுவே என் உள்ளறை. அங்கே உட்கார்ந்து பெரும்பாலும் நான் ஒன்றும் கேட்பதில்லை. சில நாள் தூங்கியும் போகிறேன். அதை அவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. புயலில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கியவர் அவர்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கம் பெரியவர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. நண்டு நன்றாகப் படும் மாதங்களில் அது தள்ளாடுகிறது. வெளியே தெரியாத நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வலை போட்டுவிட்டால் ஞாயிறு காலையில் வாங்கியே ஆக வேண்டும். தவறினால் நண்டு செத்துப்போகும், வலையும் பாழாகும். அப்போது பூசை மணி அடித்தாலும் படகு கடலில்தான் நிற்கும். ஆகவே ஞாயிறு யாருக்கு என்பது சனிக்கிழமையே முடிவாகிவிடுகிறது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு அது பிடிக்காது. போன சனிக்கிழமையும் ஆள் அனுப்பிக் கேட்டார். "திங்கட்கிழமை சரக்கு வரும்" என்று மட்டும் சொல்லியனுப்பினார் என் வீட்டுக்காரர். அந்த வாரம் மளிகைக் கடையில் கொஞ்சம் பாக்கி நின்றது.

மூத்த மகன் இந்தப் பருவத்திலிருந்து சித்தப்பா மகனோடு சேர்ந்து தனியாக வலை வைக்கிறான். படகுக் கடன் அவன் தலையில் இருக்கிறது, கணக்கும் அவனுடையது. அவனைக் கட்டாயப்படுத்த எங்களுக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: பூசைக்கு வருவதா வேண்டாமா என்று ஞாயிறு காலையில் யோசிக்காதே, சனிக்கிழமை மதியம் வலையைப் படகில் ஏற்றுவதற்கு முன்னாலேயே யோசி என்று. "பார்க்கிறேன் அம்மா" என்றான்.