72 என்று எழுதி அரியர் வாங்கிய கதை

கேமரா வைத்துப் பொருட்களைச் சோதிக்கும் மெஷின் விஷன் பேப்பரில் முதல் தடவை எனக்கு அரியர். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது சிவப்பு மையில் பெரிதாக அடித்திருந்தது ஒரு கணக்கை. 12 பிட் கேமரா, ஃபுல் வெல் (ஒரு பிக்சல் கொள்ளும் உச்ச அளவு) 10,000 எலக்ட்ரான், ரீட் நாய்ஸ் (படிக்கும்போது சேரும் இரைச்சல்) 10 எலக்ட்ரான், டைனமிக் ரேஞ்ச் எவ்வளவு? நான் 12-ஐ ஆறால் பெருக்கி 72 டெசிபல் என்று போட்டு, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன்.

விடை 60. 10,000-ஐ 10-ஆல் வகுத்தால் 1000. 20 பெருக்கல் லாக் 1000, அவ்வளவுதான். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்பது சென்சாருக்குப் பின்னால் இருந்து சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசியின் கணக்கு. சென்சார் தருவதே 1000-க்கு 1 என்றால், 12 பிட்டின் 4096 படி வைத்து எண்ணினாலும் கூடுதல் படிகள் இரைச்சலைத்தான் நுணுக்கி எண்ணும். கேள்வியில் பிட் எண்ணைக் கொடுப்பதே நம்மை இழுத்துவிடத்தான் என்பது என் சந்தேகம்.

அடுத்த உட்பிரிவு அதிகபட்ச எஸ்என்ஆர், அதாவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். இதற்கும் 60 என்று எழுதுகிறவர்கள் நிறைய. பிக்சல் நிரம்பி வழியும் நிலையில் ரீட் நாய்ஸ் ஒரு பொருட்டே இல்லை. ஒளியே தரும் ஷாட் நாய்ஸ்தான் பெரிது, அது எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10,000-க்கு 100. வகுத்தால் 100, 20 பெருக்கல் லாக் 100, ஆகவே 40 டெசிபல். வெளிச்சத்தின் உச்சத்தை இருட்டின் இரைச்சலோடு ஒப்பிட்டால் டைனமிக் ரேஞ்ச், அதே வெளிச்சத்தில் இருக்கும் இரைச்சலோடு ஒப்பிட்டால் எஸ்என்ஆர்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறையில்தான் புரிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு ஜோடி கொலுசைக் கறுப்பு வெல்வெட்டில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். பாலிஷ் போட்ட மணிகள் வெறும் வெள்ளைப் பொட்டாக வந்தன. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். மணி வந்தது, சலங்கைக்கு இடையில் இருந்த கொத்து வேலை மொத்தமும் கறுப்பில் போய்விட்டது. செட்டிங்கை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளி மேல நேரா லைட்டு விழக் கூடாது கண்ணு, பட்டர் பேப்பர் கட்டு" என்றார். கட்டினேன். இரண்டும் ஒரே படத்தில் வந்துவிட்டது.

கேமராவின் ரேஞ்ச் மாறவில்லை, காட்சியின் ரேஞ்ச்தான் சுருங்கியது. மறு தேர்வில், 'பளபளப்பான உலோகத்தைச் சோதிக்க என்ன செய்வாய்' என்ற கேள்விக்கு முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்: முதலில் ஒளியைப் பரப்பு, போதவில்லை என்றால் கேமராவைப் பற்றி யோசி. பல எக்ஸ்போஷர் எடுத்து ஒட்டும் எச்டிஆர் முறை நின்றுகொண்டிருக்கும் பொருளுக்குச் சரி. ஃபேக்டரியில் ஓடும் பெல்ட்டில் ஒவ்வொரு படத்திலும் பொருள் நகர்ந்திருக்கும்.

ஸ்கேனிங் பகுதிக்கு வருவோம். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மொபைலில் படம் எடுத்துப் பாருங்கள். வளைவுகளுக்கு நடுவே பஸ் கொஞ்சம் வேகம் பிடிக்கும் இடத்தில், சாலையோர சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்து விழும், தூரத்து மரங்கள் நேராக நிற்கும். மொபைலில் இருக்கும் ரோலிங் ஷட்டர் வரிசை வரிசையாகப் படிப்பதால், கடைசி வரிசைக்கு வருவதற்குள் பக்கத்து மரம் நகர்ந்துவிடுகிறது. குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் திறந்து மூடும், மரம் நேராக நிற்கும். ஆனால் படித்து முடிக்கும்வரை சேமித்து வைக்க ஒவ்வொரு பிக்சலிலும் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பதால் பொதுவாக ஃபுல் வெல் குறையும், இரைச்சல் கூடும். அதாவது டைனமிக் ரேஞ்ச் அடிவாங்கும். இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்த எனக்கு இந்த இணைப்பு தெரியவே இல்லை. வைவாவில் கேட்டது இதைத்தான்.

ஒரு படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் எடுக்கும் இன்டர்லேஸ் இப்போது பழைய சரக்கு, ஆனாலும் இரண்டு மார்க்கில் வரும். பழைய டிவியின் பால் (PAL) முறையில் ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் 20 மில்லிசெகண்ட் இடைவெளி. விநாடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடும் பெல்ட்டில் அது 10 மில்லிமீட்டர் நகர்வு. ஓரம் சீப்புப் பல் மாதிரி வரும். இதை எழுதி நகர்ந்துவிடுங்கள்.

நேரம் செலவிட வேண்டியது லைன் ஸ்கேன் கணக்கில். ஒரே ஒரு வரிசைப் பிக்சல், பொருள் நகர நகரப் படம் வளரும். ஜவ்வரிசி, அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரில் இருப்பது இந்த வகைதான். எனக்கு வந்த கணக்கில் துணி: அகலம் 1200 மில்லிமீட்டர், 4096 பிக்சல், வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர். ஒரு பிக்சலுக்கு 0.293 மில்லிமீட்டர். வேகத்தை விநாடிக்கு 1000 மில்லிமீட்டர் என்று மாற்றி வகுத்தால் விநாடிக்கு சுமார் 3413 வரி. நிமிடத்தை விநாடியாக்க மறந்தால் விடை 60 மடங்கு எகிறும். என் பெஞ்சிலேயே இரண்டு பேர் அப்படிப் போனார்கள். ஒரு வரிக்கு 293 மைக்ரோசெகண்ட், எக்ஸ்போஷர் அதற்குள் முடிய வேண்டும், அதனால்தான் பலமான லைட் தேவை. துணியின் வேகம் ஏறி வரி வேகம் அப்படியே இருந்தால் வட்டப் புட்டா நசுங்கி முட்டையாகத் தெரியும். துணியின் நகர்வை அளந்து வரி வேகத்தை அதோடு ஒட்ட வைக்கும் என்கோடர் வைப்பது அதற்காக. இந்தப் படத்தைக் கையால் வரைந்தால் மார்க் உண்டு.

கடைசியாக ஒன்று, கால்குலேட்டர். லாக் பட்டனுக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் எல்என் பட்டனை அமுக்கினால், மேலே சொன்ன 60 டெசிபல் கணக்குக்கு 138 வரும். ஹாலில் அப்படி வந்தால் பதறாமல் இன்னொரு தடவை அமுக்குங்கள்.