ஐந்தாவது இன்டர்வியூவில் கிடைத்தது: ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலைக்கு நான் படித்த விதம்

போன வெள்ளிக்கிழமை ஆஃபர் லெட்டர் வந்தது. பெங்களூருவில் ஆட்டோமேஷன் டெஸ்டர் வேலை, அதாவது மென்பொருளைக் கையால் சோதிக்காமல் கோட் எழுதிச் சோதிப்பது. நான்கு இன்டர்வியூவில் தோற்று ஐந்தாவதில் கிடைத்திருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் இருந்துகொண்டு மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து மாற நினைப்பவர்களுக்குத்தான் இது. எத்தனை ரவுண்டு, எச்ஆர் என்ன கேட்பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

என் நிலை இதுதான். மேனுவல் டெஸ்டிங்கில் இரண்டரை வருடம். ப்ராஜெக்ட் முடிந்ததும் வேலையும் போனது, சேலம் அம்மாபேட்டைக்கே திரும்பிவிட்டேன். ஆட்டோமேஷன் கற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஜாவாவும், பிரௌசரைத் தானாக இயக்கும் செலினியமும் ஓரளவு ஒழுங்காகத்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் கடைசி வாரத்தில் ரெஸ்யூமில் இரண்டு வருடம் ஆட்டோமேஷன் அனுபவம் என்று போடச் சொன்னார்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்று நானும் போட்டேன்.

முதல் இன்டர்வியூவில் பத்தாவது நிமிடமே அது உடைந்தது. "உங்கள் ரிக்ரஷன் சூட்டில் (பழைய வசதிகள் உடையவில்லையா என்று பார்க்கும் டெஸ்ட் தொகுப்பு) எத்தனை டெஸ்ட், ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரி ஓடி ஃபெயில் ஆனால் காலையில் முதலில் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்கள். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. செய்தவருக்கு யோசிக்காமல் வரும், செய்யாதவருக்கு வராது. தயவுசெய்து போடாதீர்கள். மேனுவலில் இரண்டரை வருடம், ஆட்டோமேஷன் சொந்த முயற்சியில் என்று உண்மையைப் போட்ட பிறகுதான் எனக்குப் பேச நிம்மதி வந்தது. கூப்பிடுபவர்கள் குறைவார்கள் என்பது உண்மைதான், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவதில் ஜாவாவில் தோற்றேன். இரண்டு இன்டீஜர் ஆப்ஜெக்டை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் 127க்கு ஏன் ட்ரூ, 128க்கு ஏன் ஃபால்ஸ் என்ற கேள்வி. மைனஸ் 128 முதல் 127 வரைக்கும் ஜாவா முன்கூட்டியே செய்து வைத்த ஆப்ஜெக்டையே திருப்பித் தரும், அதைத் தாண்டினால் சாதாரணமாகப் புதிய ஆப்ஜெக்ட் வரும், இரட்டைச் சமக்குறி இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும், அதனால் மதிப்பை ஒப்பிட ஈக்குவல்ஸ்தான் பயன்படுத்த வேண்டும். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மூன்றாவதுதான் என்னை மாற்றியது. வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் வீடியோ கால் பேச முடியாது. அதனால் ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் கேள்விபதில் பிடிஎஃப்பைப் படித்துக்கொண்டே போய், இறங்கும்போது தலை சுற்றியது. மறுநாள் மழை, கரண்ட் இல்லை, போன் டேட்டாவில்தான் பேசினேன். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்தேன். ஆனால் தோற்றதற்கு அது காரணமில்லை.

இன்டர்வியூ எடுத்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நேற்று பாஸ் ஆன டெஸ்ட் இன்று ஃபெயில். கோட் மாறவில்லை. என்ன செய்வீர்கள்?"

"மறுபடி ரன் செய்து பார்ப்பேன்" என்றேன்.

"பாஸ் ஆகிவிட்டது. அப்புறம்?"

"டைமிங் பிரச்சினையாக இருக்கும் சார், த்ரெட் ஸ்லீப் சேர்த்து ஐந்து செகண்ட் காத்திருக்க வைப்பேன்."

"எந்த இடத்தில்? ஏன் அந்த இடம்? ஏன் ஐந்து?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. இரண்டு நாளில் தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது.

ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் செலினியம் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்தது. "நூல் அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டிடலாம் கண்ணு. அதே இடத்துல திரும்பவும் அறுந்தா தறியைத்தான் பாக்கணும்" என்றார். அன்று ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவின் முக்கால்வாசி. டெஸ்ட் எழுதிப் பழகுவதை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்ட்டை வேண்டுமென்றே உடைத்துப் பழகுங்கள். ஒவ்வொரு உடைப்புக்கும் ஒரு பக்கம். என்ன செய்தேன், என்ன எக்ஸப்ஷன் (பிழை) வந்தது, அது வரக் காரணம் என்ன, சரியான தீர்வு எது, தப்பான தீர்வு எது. கையால் எழுதுங்கள். டைப் அடித்தால் எனக்கு நிற்பதில்லை, உங்களுக்கு நிற்கலாம்.

உடைத்துப் பார்க்க இரண்டு இலவசத் தளங்கள் போதும். ஒன்று சாஸ் டெமோ. அதில் பெர்ஃபார்மன்ஸ் கிளிட்ச் யூசர் என்று ஒரு லாகின் இருக்கிறது, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும், வெயிட் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. இன்னொன்று ஹெரோக்குவில் இருக்கும் தி இன்டர்நெட். அதன் டைனமிக் லோடிங் பக்கத்தில் எழுத்து சில செகண்ட் கழித்துத்தான் தோன்றும்.

என் நோட்டிலிருந்து சில பக்கங்கள்:

பக்கம் 1. ஸ்டேல் எலிமென்ட். ஒரு டேபிளில் எல்லா டெலீட் பட்டனையும் ஃபைண்ட் எலிமென்ட்ஸ் வைத்து ஒரு லிஸ்ட்டில் எடுத்து, லூப் போட்டு ஒவ்வொன்றாக க்ளிக் செய்தேன். முதல் க்ளிக் சரி. இரண்டாவதில் ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ் எக்ஸப்ஷன். காரணம், முதல் வரி அழிந்ததும் பக்கம் டேபிளையே புதிதாக வரைந்துவிட்டது. நான் கையில் வைத்திருந்தது பழைய டேபிளின் பட்டன்கள், அவை டாமில் (பிரௌசர் வைத்திருக்கும் பக்க அமைப்பில்) இப்போது இல்லை. திரையில் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதே என்று குழம்புவோம், தெரிவது வேறு பட்டன். தப்பான தீர்வு, ஸ்லீப் போடுவது. நூறு செகண்ட் காத்தாலும் பழைய பட்டன் திரும்பி வராது. சரியான தீர்வு, ஒவ்வொரு சுற்றிலும் எலிமென்ட்டைப் புதிதாகத் தேடுவது. இந்த ஒரு பக்கத்தை அப்படியே சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், எனக்கு அது நடந்தது.

பக்கம் 4. இம்ப்ளிசிட் வெயிட்டையும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் கலப்பது. முன்னது எல்லா எலிமென்ட் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு, பின்னது குறிப்பிட்ட ஒரு நிபந்தனைக்கான காத்திருப்பு. கலக்காதே என்று செலினியம் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று வைத்தால் டைம்அவுட் 20 செகண்டில்கூட வரலாம் என்பது அங்கே உள்ள உதாரணம். ஏன் என்று யோசியுங்கள். எக்ஸ்ப்ளிசிட்டுக்குப் பயன்படும் வெப்டிரைவர் வெயிட் இயல்பாக அரை செகண்டுக்கு ஒருமுறை நிபந்தனையைச் சோதிக்கும், ஆனால் ஒவ்வொரு சோதனைக்குள்ளும் எலிமென்ட் தேடல் இம்ப்ளிசிட்டின் 10 செகண்டுக்கு நின்றுவிடுகிறது. முதல் தேடல் 10இல் முடியும், 15 இன்னும் ஆகவில்லை என்று இரண்டாவது தேடல் தொடங்கும், அது முடிய 20 தாண்டும்.

பக்கம் 7. க்ளிக் இன்டர்செப்டட். பட்டன் இருக்கிறது, மேலே லோடிங் திரையோ குக்கி பேனரோ மூடியிருக்கிறது. மூடியிருப்பது மறையும் வரை காத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வைத்து க்ளிக் செய்வேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பயனரால் க்ளிக் செய்ய முடியாத பட்டனை நம் டெஸ்ட் க்ளிக் செய்து பாஸ் என்று சொல்லும், அப்படியானால் அந்த டெஸ்ட் எதற்கு?

பக்கம் 9. என் லேப்டாப்பில் பாஸ், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் ஃபெயில். பிரௌசரைத் திரையில் காட்டாமல் ஓட்டும் ஹெட்லெஸ்ஸில் விண்டோ அளவைக் குறிப்பிடாததால் சிறிய திரையில் திறந்து, மெனு மூன்று கோட்டு ஐகானுக்குள் ஒளிந்துவிட்டது. ஃபெயில் ஆகும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் லிசனர் எழுதிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

பக்கம் 12. ஃபெயிலே ஆகாத டெஸ்ட். சாஃப்ட் அசர்ட் போட்டுவிட்டுக் கடைசியில் அசர்ட் ஆல் எழுதவில்லை. எதிர்பார்த்த விலையை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் பச்சை, அதாவது பாஸ். சாஃப்ட் அசர்ட் பிழைகளைச் சேர்த்து மட்டும் வைக்கும், அசர்ட் ஆல்தான் அவற்றை வெளியே சொல்லும்.

இப்படி முப்பத்தொரு பக்கம் சேர்ந்தது. ஆடிப் பண்டிகைக்குத் தறி நிறுத்திய அந்த வாரம் மட்டும் பதினான்கு பக்கம்.

நான்காவது இன்டர்வியூ நன்றாகப் போயும் கிடைக்கவில்லை. ஏபிஐ டெஸ்டிங்கில் (திரை இல்லாமல் சர்வரிடம் நேரடியாகக் கேட்டுச் சோதிப்பதில்) திணறினேன், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சர்வர் பதிலில் வரும் 401க்கும் 403க்கும் வித்தியாசம் கேட்டார்கள். 401 என்றால் நீ யார் என்றே நிரூபிக்கவில்லை. 403 என்றால் நீ யார் என்று தெரியும், ஆனால் உனக்கு அனுமதி இல்லை. நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அதற்கான ஜாவா கருவியான ரெஸ்ட் அஷ்யூர்டுக்கு ஒதுக்குங்கள், வெப் மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாவது முதல் ரவுண்டை பேர்லேண்ட்ஸில் சிநேகிதி வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசினேன். இரண்டாவது நேரில். விடியற்காலையில் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஓசூர் தாண்டும்வரை நோட்டை மட்டும்தான் புரட்டினேன். அங்கே முப்பது வரி கோட் ஒன்றைக் காட்டி, "இந்த டெஸ்ட் தினமும் பாஸ். ஆனால் தளத்தில் விலை தப்பாக வந்ததாகப் பயனர் புகார் செய்திருக்கிறார். ஏன் பிடிபடவில்லை?" என்றார்கள். கடைசி வரியைப் பார்த்தேன். அசர்ட் ஆல் இல்லை. என் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே எதிரில் நின்றது. தொண்டை அடைத்துக்கொண்டது, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். மறுபடி நடக்காமல் எப்படித் தடுப்பீர்கள் என்று தொடர்ந்தார்கள். அசர்ட் ஆல் அழைப்பை ஒவ்வொருவர் நினைவுக்கும் விடாமல் பொதுவான இடத்தில் வைக்கலாம், புதிய டெஸ்ட் எதையும் ஒருமுறை ஃபெயில் ஆக்கிக் காட்டிய பிறகே சேர்க்கலாம் என்றேன். அதன் பிறகு நாற்பது நிமிடம் பேச்சு கேள்விபதில் போலவே இல்லை, கூட வேலை செய்பவர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது.

ஐந்திலும் சேர்த்து என்னிடம் கேட்கப்பட்ட மற்றவை, வரிசை இல்லாமல்:

- க்ளோஸுக்கும் க்விட்டுக்கும் வித்தியாசம். க்ளோஸ் அந்த விண்டோவை மட்டும், க்விட் செஷனையே முடிக்கும்.
- எலிமென்ட் இல்லை என்றால் ஃபைண்ட் எலிமென்ட்ஸ் என்ன தரும்? எக்ஸப்ஷன் வராது, காலி லிஸ்ட்.
- டெஸ்ட்டுகளை ஒழுங்குபடுத்தி ஓட்டும் டெஸ்ட்என்ஜியில் பிஃபோர் டெஸ்ட் எப்போது ஓடும்? ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் முன்னால் ஓடுவது பிஃபோர் மெத்தட். பிஃபோர் டெஸ்ட், எக்ஸ்எம்எல்லில் உள்ள டெஸ்ட் டேகுக்கு ஒருமுறைதான்.
- ஒரே நேரத்தில் பல டெஸ்ட்டைப் பேரலலாக ஓட்டினால், பிரௌசரை இயக்கும் ஸ்டாட்டிக் டிரைவர் ஏன் குழப்பும்? எல்லா டெஸ்ட்டும் ஒரே டிரைவரைப் பகிரும், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி டிரைவர் வைக்க உதவும் த்ரெட் லோக்கல் பற்றிப் பேச வேண்டும்.
- செலினியம் 4இல் என்ன மாறியது? டபிள்யூ3சி நெறிமுறை, ரிலேட்டிவ் லொக்கேட்டர், வெயிட்டில் டியூரேஷன். 4.6இலிருந்து செலினியம் மேனேஜர் கூடவே வருகிறது, டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியதில்லை.
- ஷேடோ டாமுக்குள் (பக்கத்துக்குள் தனியாகப் பிரித்து வைத்த பகுதி) எலிமென்ட்டைத் தேடும் எக்ஸ்பாத் வேலை செய்யுமா? செய்யாது, ஷேடோ ரூட்டை எடுத்து சிஎஸ்எஸ் போட வேண்டும்.
- எதை ஆட்டோமேட் செய்யக் கூடாது? கேப்ச்சா, ஒரே ஒருமுறை பார்க்கும் விஷயம், தினமும் மாறிக்கொண்டிருக்கும் திரை.

செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட் தெரியுமா என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். க்ளிக் செய்வதற்கு முன் எலிமென்ட் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா, வேறு எதுவும் மூடவில்லையா என்று அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதைச் சொன்னேன். அடிப்படை புரிந்திருந்தால் போதும், செலினியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு ஓடாதீர்கள்.

200 கேள்வி, 500 கேள்வி என்று சுற்றும் பிடிஎஃப்களை நான் கடைசியில் தொடவே இல்லை. மனப்பாடம் நன்றாக வருபவர்களுக்கு அது உதவலாம். எனக்குப் பதற்றம்தான் கூடியது.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நெட் பேக் ஒன்று கூடுதலாகப் போட்டு வையுங்கள். கரண்ட் போனால் எந்த வீட்டுக்குப் போவது என்று முன்பே பேசி வையுங்கள். ப்ராஜெக்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.

நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அனுப்புகிறேன். ஆனால் முதல் பத்துப் பக்கம் நீங்களே உடைத்து எழுதிவிட்டுக் கேளுங்கள், என்னிடம் இல்லாத உடைப்பு ஏதாவது உங்களிடம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். அடுத்த மாதம் வேலையில் சேர்வதற்குள் நாற்பது பக்கத்தையும் நிரப்பிவிட வேண்டும் என்றிருக்கிறேன், இன்னும் ஒன்பது காலியாக இருக்கிறது.