வீங்கிய இமை

மார்ச் 3, காலை

விடிந்து பார்த்தால் மகளின் வலது மேல் இமை வீங்கி, கண் பாதி மூடிக் கிடக்கிறது. இமை விளிம்பில், ஒரு முடியின் அடியில் சிவந்த சிறு மேடு இருக்கிறது. தொட்டால் அங்கே மட்டும் வலிக்கிறது என்கிறாள். கண்கட்டியாகத்தான் இருக்க வேண்டும். விழி வெண்மையாக இருக்கிறது, பார்வை தெளிவு, காய்ச்சல் இல்லை. தலையை அசைக்காமல் என் விரலைப் பார்வையால் தொடரச் சொன்னேன். எந்தப் பக்கமும் வலி இல்லை.

மார்ச் 3, இரவு

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அவளுடைய மூடிய இமைமேல் வைக்கிறேன். ஆற ஆற மீண்டும் நனைத்துப் பத்து நிமிடம், நாளுக்கு நான்கு வேளை. இமைச் சுரப்பிகளின் வாயை அடைத்திருக்கும் கெட்டியான எண்ணெயை இளக்குவதற்குத்தான் இந்தச் சூடு. அரிப்பும் நீர்வடிதலுமாக வரும் ஒவ்வாமை வீக்கமாக இருந்தால் குளிர்ந்த ஒத்தடமே பொருந்தும்.

மார்ச் 4

தங்கை தொலைபேசியில், "இரண்டு கண்ணுமா வீங்கியிருக்கிறது, அக்கா?" என்று முதலில் கேட்டாள். நல்ல கேள்வி. வலியோ சிவப்போ இல்லாமல், காலையில் எழும்போது இரண்டு இமைகளும் உப்பியிருந்தால், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும். இது அதுவல்ல.

குழந்தையின் கை இமைக்கே போகிறது. பிதுக்கினால் தொற்று சுற்றுத் திசுவுக்குள் பரவும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கோ எழுதித் தந்த பழைய சொட்டு மருந்தை விடலாம் என்ற யோசனைக்கு நான் இணங்கவில்லை. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், சில தொற்றுகள் முற்றியும் போகலாம்.

மார்ச் 5

மேலே, கீழே, இடது, வலது. வலி இல்லை.

மார்ச் 6, மாலை

சிவப்பு இமையைத் தாண்டிக் கன்னத்தின் மேற்பகுதிக்கு இறங்கியிருக்கிறது. இமைக்கும் கண்குழிக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. தொற்று அதற்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும், பின்னால் போய்விட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், அந்தச் சவ்வைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. சளியும் மூக்கடைப்பும் வேறு இருந்தன. மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளைக் கண்குழியிலிருந்து பிரிக்கும் எலும்பு காகிதத்தைப் போல் மெல்லியது. கண்குழிக்குள் தொற்று பெரும்பாலும் அந்த வழியாகவே வருகிறது. விழி துருத்துதல், இரட்டைப் பார்வை, மங்கல், காய்ச்சல், விழியை அசைத்தால் வலி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

மார்ச் 6, இரவு

காய்ச்சல் 101 டிகிரி. மேலே பார் என்றதும் முகம் சுளித்தாள். விடியும்வரை பொறுக்கப் போவதில்லை.

மார்ச் 7

ஸ்கேன் எடுத்தாயிற்று, மருந்து ஊசி வழியாக ஏறுகிறது. சிவப்பு நிறம் இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பார்வை நரம்பு அழுந்தினால் முதலில் மங்குவது நிறமாம். கன்னத்துச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். மாலையில் வந்து, சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.