காரின் ஹீட்டரில் சூடான காற்று வராதபோது

காற்று வேகமாக வந்தும் அதில் சூடு இல்லையென்றால், இன்ஜினின் வெப்பத்தைச் சுமந்து வரும் கூலன்ட் திரவம், உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோருக்குள் ஒழுங்காகப் பாய்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கூலன்ட் மூடியைத் திறந்து அதன் அளவைப் பாருங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தால், நிரப்பியதோடு விட்டுவிடாமல் கசிவையும் தேடுங்கள்.

அளவு சரியாக இருந்தால், வண்டியைச் சற்று ஓட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, இன்ஜின் அறையிலிருந்து உள்ளே செல்லும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்ப்பேன். இதைவிடத் தெளிவாகப் பழுதைக் காட்டும் எளிய சோதனை இல்லை என்பது என் கருத்து. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் கோரில் அடைப்பு. இரண்டும் சுட்டால், காற்றைத் திருப்பும் உட்கதவு சிக்கியிருக்கலாம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்து, வெப்பநிலை முள்ளும் மேலே ஏறாவிட்டால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.